அந்த உம்மா யாரிடம் போவார்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். முழுதாக வாசிக்காமல் முதல் பந்தியை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பகிர வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

சில காலத்துக்கு முன்னர் ஒரு பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஓர் உம்மா மட்டும் வாசலில் நின்றார். எந்த ஊர், எந்த வகுப்பு என்று சொல்லமாட்டோம். தயவுசெய்து கொமெண்டில் கேட்கவும் வேண்டாம். அவர் சொன்னது இதுதான்:

"சேர், மகன் ராவு ராவா போன்ல பயான் கேக்கிறான். அது எங்கட மௌலவிமார்ட பயான் இல்ல. சிரியாவக் காட்டுறாங்க, துவக்கக் காட்டுறாங்க. கேட்டா, உங்களுக்கு விளங்காது உம்மா எண்டு சொல்றான். வாப்பா கட்டார்ல. நான் இத யாருக்கிட்டச் சொல்ற? பொலிசுக்குச் சொன்னா புள்ளயக் கொண்டு போயிருவாங்க. பள்ளிக்குச் சொன்னா ஊரெல்லாம் கதயாப் போயிரும். சொல்லாம இருந்து நாளைக்கு ஒண்டு நடந்தா?"

அந்த நேரத்தில் எங்களிடம் பதில் இருக்கவில்லை. "நாங்க பாத்துக்கொள்றம், நீங்க பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினோம். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பிறகு யோசித்துப் பார்த்தோம். இந்தக் கேள்வி நம்முடைய ஊரில் மட்டும் எழுந்த கேள்வி இல்லை. கடந்த நாற்பது வருடமாகப் பல நாடுகளில் பல உம்மாமார் இதைக் கேட்டிருக்கிறார்கள். அந்த நாடுகள் என்ன செய்தன, நம் நாடு என்ன செய்தது என்று கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

1980களில் இருந்து தொடங்கலாம். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைக்கு எதிரான யுத்தம் நடந்தபோது அரபு நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே போனார்கள். அவர்களை அப்போது யாரும் தடுக்கவில்லை. சில அரசுகளுக்கு அது வசதியாகவும் இருந்தது; நாட்டுக்குள் குழப்பம் செய்யக்கூடிய ஆட்கள் வெளியே போகட்டும் என்ற நினைப்பு. 1989இல் சோவியத் படை வெளியேறியது. அதன் பிறகு அந்த இளைஞர்களை என்ன செய்வது என்று எந்த நாட்டிடமும் திட்டம் இருக்கவில்லை. எகிப்தும் அல்ஜீரியாவும் அவர்களுக்குப் பயந்தன. திரும்பிப் போனால் சிறை என்று தெரிந்தவர்கள் சூடானுக்குப் போனார்கள், பொஸ்னியாவுக்குப் போனார்கள், சிலர் பாகிஸ்தானிலேயே தங்கினார்கள்.

உஸாமா பின் லாடனின் கதை இதில் எல்லோரும் அறிந்தது. 1994இல் சவூதி அரேபியா அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 'இவர் இனி எங்கள் ஆள் இல்லை' என்று அறிவித்தாயிற்று, பிரச்சினை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். அப்போது சூடானில் இருந்த அவரை 1996இல் அந்த நாடும் வெளியேற்றியது. அவர் ஆப்கானிஸ்தானுக்குப் போனார். 1998இல் நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டன. 2001இல் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. குடியுரிமையைப் பறித்ததால்தான் இதெல்லாம் நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆளைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டால் அவர் உலகத்திலிருந்தே மறைந்துவிடுவார் என்ற நினைப்பு எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

அடுத்தது சிரியா. 2014 ஜூனில் 'கிலாபத்' என்று ஒன்றை அறிவித்தார்கள். 40,000க்கும் அதிகமானோர் பல நாடுகளிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இந்த முறை ஆண்கள் மட்டும் போகவில்லை. குடும்பங்கள் போயின, பாடசாலைப் பிள்ளைகள் போனார்கள்.

லண்டனின் கிழக்கில் பெத்னல் கிரீன் என்ற இடம். வங்காள முஸ்லிம்கள் நிறைய வாழும் பகுதி. அங்கே ஒரு பாடசாலையில் படித்த ஒரு மாணவி 2014 டிசம்பரில் சிரியாவுக்குப் போய்விட்டார். பொலிஸார் விசாரித்தார்கள். அந்த மாணவியின் தோழிகளிடம் கதைத்தார்கள். தோழிகளிடம் முறைப்படி வாக்குமூலம் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் தேவை. அதற்காக ஒரு கடிதம் எழுதி, அதைப் பெற்றோரிடம் கொடுக்கச் சொல்லி அந்தப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தார்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்த இடத்தை வாசிக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'நாளைக்கு வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா' என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் அது எங்கே போகும் என்று ஒன்பதாம் வகுப்பு வகுப்பாசிரியர் யாரைக் கேட்டாலும் சொல்வார். அந்தக் கடிதங்கள் வீடு போய்ச் சேரவில்லை, பிள்ளைகள் ஒளித்துவிட்டார்கள். 2015 பெப்ரவரி 17ஆம் திகதி அவர்களில் மூன்று பேர் துருக்கிக்கு விமானம் ஏறினார்கள். இரண்டு பேருக்கு 15 வயது, ஒருவருக்கு 16. அவர்கள் போன பிறகுதான் அந்தக் கடிதங்கள் வீட்டில் அகப்பட்டன. தங்கள் பிள்ளையின் தோழி ஒருத்தி ஏற்கெனவே சிரியாவுக்குப் போய்விட்டாள் என்பது தெரிந்திருந்தால் நாங்கள் தடுத்திருப்போம் என்று குடும்பத்தவர்கள் சொன்னார்கள். கடிதம் பெற்றோரின் கைக்குப் போகாததற்கு லண்டன் பொலிஸ் ஆணையாளர் பின்னர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அரசுக்குத் தெரிந்திருந்தது, பெற்றோருக்குத் தெரியாது. பெற்றோரை நம்பிச் சொல்லும் வழி ஒன்று இல்லாமல் இருந்தது. நம்முடைய உம்மாவுக்கோ தெரிகிறது, அரசிடம் நம்பிச் சொல்ல வழி இல்லை. இரண்டும் ஒரே பாதை, இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது.

அந்த மூவரில் ஒருவர் 2016இல் வான் தாக்குதலில் இறந்ததாகச் செய்தி வந்தது. இன்னொருவர்தான் ஷமீமா பேகம். 2019 பெப்ரவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாக ஓர் அகதி முகாமில் பத்திரிகையாளர் ஒருவர் அவரைக் கண்டுபிடித்தார். சில நாட்களில் பிரித்தானிய அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. அவர் பிறந்து வளர்ந்தது லண்டனில். பெற்றோர் வங்காளதேசத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் அந்த நாட்டுக் குடியுரிமைக்கு உரிமை இருக்கிறது, ஆகவே நாடற்றவர் ஆகமாட்டார் என்பது அரசின் வாதம். வங்காளதேசமோ அவர் எங்கள் பிரஜை இல்லை, இங்கே வரவும் விடமாட்டோம் என்றது. முகாமில் பிறந்த குழந்தை 2019 மார்ச்சில் இறந்தது. அதற்கு முன்னர் பிறந்த இரண்டும் சிரியாவிலேயே இறந்துவிட்டன. வழக்கு வருடக்கணக்காக நடந்து, 2024இல் அவருடைய கடைசி மேன்முறையீட்டுக்கும் அங்கே அனுமதி மறுக்கப்பட்டது.

அவர் குற்றமற்றவர் என்று வாதிட நாம் வரவில்லை. முதல் பேட்டியில் அவர் சொன்ன சில வார்த்தைகள், வருத்தமே இல்லாமல் சொன்ன வார்த்தைகள், நம்மையும் திடுக்கிட வைத்தன. ஆனால் 15 வயதில் அவர் ஆட்கடத்தலுக்கு ஆளாகியிருக்கலாம் என்ற நம்பத்தகுந்த சந்தேகம் இருப்பதாக, பறிப்பு செல்லும் என்று 2023இல் தீர்ப்பளித்த அதே தீர்ப்பாயமே ஏற்றுக்கொண்டது. லண்டன் நீதிமன்றத்தில் கூண்டில் ஏற்றி, சாட்சியம் கேட்டு, குற்றம் நிரூபிக்கப்பட்டால் சிறையில் போட்டிருக்கலாம். அதற்குச் சட்டம் இருந்தது. அதைச் செய்யாமல் போரில் நொந்து போயிருந்த ஒரு முகாமின் தலையில் தன் பிள்ளையைக் கட்டிவிட்டது ஒரு பணக்கார நாடு. வடகிழக்குச் சிரியாவின் அல்ஹோல் முகாமில் 2019இல் 70,000க்கும் அதிகமானோர் அடைந்து கிடந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

குடியுரிமையைப் பறிப்பது என்றால் என்ன என்று இந்த நாட்டில் யாருக்காவது விளங்கவில்லை என்றால் மலையகத்தில் கேட்டுப் பார்க்கட்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரே அடியில் இலட்சக்கணக்கான மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். எந்தக் குற்றமும் செய்யாத தோட்டத் தொழிலாளர்கள். அதைச் சரிசெய்ய அரை நூற்றாண்டு பிடித்தது. இரண்டும் ஒன்றல்லதான். ஆனால் யார் நம் ஆள், யார் இல்லை என்று ஓர் அமைச்சர் முடிவு செய்யும் கதவு ஒருமுறை திறந்துவிட்டால் அதற்குள் யாரையும் தள்ளலாம் என்பது இந்த நாட்டுச் சிறுபான்மைகளுக்குப் புதிய பாடம் இல்லை.

இனி டென்மார்க். அங்கே ஆர்ஹுஸ் என்று இரண்டாவது பெரிய நகரம். சனத்தொகையோடு ஒப்பிட்டால் மேற்கு ஐரோப்பாவில் அதிகம் பேர் சிரியாவுக்குப் போன நாடுகளில் ஒன்று டென்மார்க். 2013இல் ஆர்ஹுஸ் நகரத்திலிருந்து மட்டும் சுமார் 30 பேர் போனார்கள். பலர் ஒரே பள்ளிவாசலுக்குப் போய்வந்தவர்கள். பள்ளிவாசலை இழுத்து மூடு என்று அரசியல்வாதிகள் கத்தினார்கள். நகரப் பொலிஸார் வேறு வழியைத் தேர்ந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தோடு உட்கார்ந்து கதைத்தார்கள். பெற்றோர்களைக் கூட்டினார்கள். திரும்பி வந்தவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தார்கள். குற்றம் செய்ததற்கு ஆதாரம் இருந்தால் வழக்கு. ஆதாரம் இல்லாதவர்களுக்கு வைத்தியம், படிப்பைத் தொடர உதவி, வேலை தேட உதவி, கூடவே ஒரு வழிகாட்டி. அவர் பொலிஸ்காரர் இல்லை, வாழ்க்கையை ஓரளவு அறிந்த ஒரு மூத்தவர். கோபத்தோடு வருகிற பையனோடு மணிக்கணக்காக உட்கார்ந்து கதைப்பதுதான் அவர் வேலை.

இதில் எங்களை ஈர்த்தது வேறொன்று. இந்த ஏற்பாடு சிரியாவுக்காகப் புதிதாக உருவாக்கியது இல்லை. பாடசாலை, சமூக சேவை, பொலிஸ் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பற்றிக் கதைக்கும் முறை டென்மார்க்கில் 1970களில் இருந்தே இருக்கிறது. களவு, போதைப்பொருள், பாடசாலைக்கு வராமை போன்ற சாதாரண விஷயங்களுக்காக ஆரம்பித்தது. அதனால் ஒரு பெற்றோர் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பவர் ஏற்கெனவே அறிமுகமானவராக இருப்பார். அழைத்ததற்காகப் பிள்ளை கைதாகமாட்டான் என்ற நம்பிக்கை வருடக்கணக்காகக் கட்டி எழுப்பப்பட்டிருந்தது. 2014இல் அந்த நகரத்திலிருந்து போனது ஒரே ஒருவர் என்று பொலிஸார் சொன்னார்கள்.

இது முழுக்க அந்தத் திட்டத்தின் பலன்தான் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. அதே நாட்டின் தலைநகர் கோப்பன்ஹேகனில் 2015 பெப்ரவரியில் ஓர் இளைஞர் துப்பாக்கியால் சுட்டு இருவரைக் கொன்றார். ஒரு கலந்துரையாடல் நடந்த இடத்தில் ஒருவர், யூதர்களின் வணக்கத்தலத்தில் காவல் நின்ற ஒருவர். சுட்டவர் சிரியாவுக்குப் போனவர் இல்லை. டென்மார்க்கிலேயே பிறந்தவர், இரண்டு கிழமைக்கு முன்னர்தான் சிறையிலிருந்து விடுதலையானவர். சிறை அதிகாரிகள் அவரைப் பற்றி உளவுத்துறைக்கு ஏற்கெனவே எச்சரித்தும் இருந்தார்கள். எந்தத் திட்டத்திலும் ஓட்டை இருக்கும். டென்மார்க் அரசும் பிற்காலத்தில் இறுகிப்போனது, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களிடமிருந்து குடியுரிமையைப் பறிக்கச் சட்டம் கொண்டு வந்தது. ஆனாலும் 2021இல் சிரிய முகாம்களிலிருந்து மூன்று தாய்மாரையும் 14 பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. தாய்மார் மீது வழக்குத் தொடர்ந்தது.

ஐரோப்பாக்காரருக்குக் காசு இருக்கிறது, செய்கிறார்கள் என்று சிலர் சொல்லலாம். கஸகஸ்தானைப் பாருங்கள். மனித உரிமைக்குப் பேர்போன நாடு இல்லை. 2019இல் விமானங்களை அனுப்பிச் சுமார் 600 பேரைச் சிரியாவிலிருந்து கொண்டு வந்தது. 400க்கு மேல் பிள்ளைகள். போராடிய ஆண்களை நீதிமன்றத்தில் நிறுத்தியது. பெண்களையும் பிள்ளைகளையும் கஸ்பியன் கடலோரத்தில் அக்தாவு என்ற இடத்தில் ஒரு நிலையத்தில் சில வாரம் வைத்து, உளவளத்துணை கொடுத்து, பிறகு அவரவர் உறவினரிடம் அனுப்பியது. உம்மம்மாமார் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கஷ்டமான பகுதி இதுதான்.

2015இல் சிரியாவில் ஓர் இலங்கையர் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தது. 2016 நவம்பரில் அப்போதைய நீதியமைச்சர் விஜயதாஸ ராஜபக்ஷ, படித்த, வசதியான குடும்பங்களைச் சேர்ந்த 32 இலங்கை முஸ்லிம்கள் ஐஎஸ் இயக்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள் என்று பாராளுமன்றத்தில் சொன்னார். நமக்கு ஞாபகம் இருக்கிறதா, அப்போது நாம் என்ன செய்தோம்? கொதித்தோம். அளுத்கமை எரிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இனவாதிகளுக்குத் தீனி போடுகிறார் என்றோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த 32இல் பாதியாவது உண்மையாக இருந்தால் அந்தக் குடும்பங்கள் யார், அவர்களுடைய தம்பிமார் இப்போது என்ன செய்கிறார்கள் என்று நாம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகாவது உட்கார்ந்து கதைத்தோமா? அமைச்சர் ஒரு எண்ணைச் சொன்னார், நாம் ஒரு மறுப்பைச் சொன்னோம். எந்த உம்மாவுக்கும் ஒரு தொலைபேசி இலக்கம் கிடைக்கவில்லை.

அதேசமயம், 'முஸ்லிம்கள் தெரிந்தும் மறைத்தார்கள்' என்று சொல்வோருக்கு நாம் பதில் சொல்லியே ஆகவேண்டும். மறைக்கவில்லை. காத்தான்குடி மக்கள் சஹ்ரானுக்கு எதிராகப் பொலிஸில் முறைப்பாடு செய்தார்கள். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் வாளோடு மோதல் நடந்தது, காயப்பட்டவர்கள் முஸ்லிம்கள்தான். அவரைக் கைது செய்ய நீதிமன்றப் பிடியாணை இருந்தது. அவர் தலைமறைவாகி இரண்டு வருடம் வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். சிரியாவுக்குப் போனவர்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்த நாட்டில், சிரியாவை ஒருநாளும் காணாத ஓர் ஆள் போனில் பேசிப் பேசியே ஆட்களைச் சேர்த்தார்.

மாவனெல்லையில் 2018 டிசம்பரில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணைதான் வனாத்தவில்லுவில் வெடிபொருட்களைக் கண்டுபிடிக்கக் கொண்டுபோனது. அந்த விசாரணைக்கு உதவிய ஒருவர், ஒரு முஸ்லிம் அமைச்சரின் இணைப்புச் செயலாளர், 2019 மார்ச்சில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டார். உயிர் தப்பினார், ஆனால் பழைய ஆளாக எழும்பவில்லை. உதவி செய்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

பிறகு ஏப்ரல் 21. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். நாங்களும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி வகுப்பு வைப்பவர்கள், அதனால் அந்தப் படங்களை இன்றும் நேராகப் பார்க்க முடியவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்னும் முழு நீதிக்காகக் காத்திருக்கின்றன. தாக்குதல் வரப்போகிறது என்று வெளிநாட்டு உளவுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே வந்தும் எவரும் அசையவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது அந்த அலட்சியத்துக்காகத்தான்.

ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதுவில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது அந்த ஊர் மக்கள். அன்று அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் அந்த வெடிகுண்டுகள் அந்த வீட்டுக்குள் வெடித்திருக்காது, வேறெங்கோ வெடித்திருக்கும்.

அதன் பிறகு நாடு என்ன செய்தது? 2,000க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. அதில் உண்மையான ஆட்களும் இருந்தார்கள், வீட்டில் குர்ஆன் சீடி வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். ஹஸலகவில் ஒரு பெண், சட்டையில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று நினைத்ததற்காகச் சிறைக்குப் போனார். மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கமும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன.

மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அவரும் ஆசிரியர், எங்கள் இனம். 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். மாணவர்களுக்குத் தீவிரவாதம் போதித்தார் என்றார்கள். அந்தத் தொகுதியில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் இருந்தன. தமிழ் தெரிந்த யாராவது ஒருவர் ஆறுதலாக உட்கார்ந்து வாசித்திருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய விஷயம். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் கைதான நாளிலிருந்து எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் சிரியா, பலஸ்தீன் என்ற சொற்களையே எடுக்காமல் விட்டோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். நாம் கதைக்காத இடத்தில்தான் போனில் வேறொருவர் கதைக்கிறார்.

2021 மார்ச்சில் ஒரு வர்த்தமானி வந்தது. வன்முறைத் தீவிரவாத மதக் கருத்துள்ளவர்களைப் புனர்வாழ்வுக்கு அனுப்பும் ஒழுங்குவிதிகள். வழக்கு நடந்து குற்றவாளி என்று தீர்ப்பாகாமலே ஒருவரை ஒரு வருடம் அடைத்து வைக்கலாம், பிறகு நீடிக்கவும் செய்யலாம். புனர்வாழ்வு என்ற நல்ல சொல்லைச் சிறைக்குப் பெயராக வைத்தார்கள். உயர் நீதிமன்றம் அதை முதலில் இடைநிறுத்தி, 2023இல் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நல்லது. ஆனால் அந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை. அடைக்கும் திட்டம் போனது, உதவும் திட்டம் வரவில்லை.

இந்த நாட்டுக்கு அது தெரியாத விஷயமும் இல்லை. 2009க்குப் பிறகு புலிகள் இயக்கத்தில் இருந்த சுமார் 12,000 பேரைப் புனர்வாழ்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது இதே அரசுதான். அதில் ஏறக்குறைய 600 பேர் சிறுவர்கள். அவர்களில் பலரை ரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்கவைத்துப் பரீட்சை எழுத வைத்தார்கள். அதில் குறைகள் நிறைய. விரும்பிப் போனார்களா என்ற கேள்வி, வெளியே வந்த பிறகும் விடாத கண்காணிப்பு, சரணடைந்து காணாமற்போனவர்களைப் பற்றிய இன்றுவரை பதில் இல்லாத கேள்வி. தமிழ்ச் சகோதரர்கள் இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனாலும், துவக்குத் தூக்கிய பிள்ளை திரும்பவும் புத்தகம் தூக்கலாம் என்று ஒருகாலம் இந்த நாடு ஏற்றுக்கொண்டது. துவக்கே தொடாத, வெறும் வீடியோ பார்க்கிற பிள்ளைக்கு அந்த வழி ஏன் இல்லை?

நாம் கேட்பது மன்னிப்பு இல்லை. வெளிநாட்டில் போய்க் கழுத்தறுத்தவன் எந்தத் தாயின் பிள்ளையானாலும் இங்கே கொண்டு வந்து நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், பகிரங்கமாக, சாதாரண குற்றவியல் சட்டத்தில், சாட்சியத்தோடு. உதவியவர்களையும் அப்படியே. நாம் கேட்பது அதற்கு இரண்டு வருடம் முன்னால் உள்ள ஒரு விஷயம். ஓர் உம்மா பயப்படாமல் போகக்கூடிய ஒரு கதவு. அது பொலிஸ் நிலையமாக இருக்க முடியாது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் இருக்கிறார், உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். போதைப்பொருளுக்கு அவர்களிடம் போகிறோம், பிள்ளை வீட்டைவிட்டு ஓடினால் போகிறோம். இதற்கும் அவர்களிடம் போகலாம், போனால் பெயர் நேராகக் கோவைக்குப் போகாது என்று ஒரு சுற்றுநிருபம் போட எவ்வளவு செலவு?

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒன்று. ஐஎஸ் இயக்கம் இஸ்லாம் இல்லை என்று ஜம்இய்யதுல் உலமா அறிக்கை விட்டது, நாமும் பகிர்ந்தோம். அந்த அறிக்கையை வாசிக்கிறவர்கள் ஐஎஸ்ஸில் சேரப்போகிறவர்கள் இல்லை. 16 வயதுப் பையன் கேள்வி கேட்டால் 'வழிகேடன்' என்று முத்திரை குத்தாமல் உட்கார வைத்துக் கதைக்கக்கூடிய மௌலவி நம் மஹல்லாவில் எத்தனை பேர்? இருக்கிறார்கள். குறைவு.

அந்தப் பையனோடு நாங்கள் கதைத்தோம். அவனுக்குப் படிப்பித்த இரண்டு ஆசிரியர்கள், பாடசாலை முடிந்த பிறகு, நூலகத்தில். முதல் நாள் அவன் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் கேட்டான்: "சேர், அங்க புள்ளைகள் சாகுதுகள், ஒருத்தரும் ஒண்டும் செய்யல்லதானே?" அதற்குச் சரியான பதில் எங்களிடம் இருக்கவில்லை. இல்லை என்றே சொன்னோம். பிறகு சீயோன் தேவாலயத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னோம். அவனுக்கு அப்போது சின்ன வயது, நோன்பு காலத்தில் ஊரடங்குச் சட்டம் போட்டது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

இப்போது வியாழக்கிழமைகளில் வருகிறான். சில வியாழன் வருவதில்லை. போனை இன்னும் உம்மாவிடம் காட்டுவதில்லை. இதைப் பாடசாலைப் பதிவுப் புத்தகத்தில் நாங்கள் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தெரியும். எழுதினால் அந்தப் பக்கம் யாருடைய மேசைக்குப் போகும் என்று தெரியாததால் எழுதவில்லை.

உங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு வந்தால் யாரிடம் அனுப்புகிறீர்கள்? பெயர், ஊர் எதுவும் குறிப்பிடாமல் எழுதுங்கள்.